தார்கசன்: கருவிமாற்றமும் மொழிபெயர்ப்பு நோக்கும்

மொழிபெயர்ப்பை ரோமன் யாக்கப்சன் 1959இல் மூவகையாகப் பகுத்தார்: ஒரு மொழிக்குள் நிகழ்வது, இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது, மொழிக்குறியை மொழியல்லாத குறியாக மாற்றுவது. ஓர் இசைக்குழுவுக்கென எழுதப்பட்டதை வேறொரு குழுவுக்கு ஏற்ப மாற்றி எழுதுதல் இவற்றுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. தமிழில் அதற்குத் தனிச்சொல்லும் நிலைபெறவில்லை. 'இசையமைப்பு' என்பது திரைத்துறை வழக்கால் மெட்டமைத்தல், கருவிகளுக்குப் பங்கிடுதல் ஆகிய இரண்டையும் குறிக்கிறது. இங்குக் 'கருவிமாற்றம்' என்னும் சொல் ஆளப்படுகிறது.

ஆங்கில இசைப்படைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1911இல் இராணுவ ஊதுகருவிக் குழுவுக்கென எழுதிய இரண்டாம் தொகுப்பின் இறுதிப்பகுதி, 'தார்கசன்' என்னும் பழைய நடனமெட்டின் மீது அமைந்தது. 1905 முதல் 1934இல் இறக்கும்வரை அவர் இலண்டனில் புனித பால் பெண்கள் பள்ளியில் இசை கற்பித்தவர். அப்பள்ளியின் குழுவுக்கென எழுதிய 'புனித பால் தொகுப்'பில் அதே பகுதியைத் தந்திக் கருவிகளுக்கு மாற்றித் தந்தார். அது 1922இல் அச்சாயிற்று.

இம்மாற்றத்தை எளிமையாக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. ஊதுகருவிகளுக்கு இயல்பான எஃப் சுருதி, தந்திக் கருவிகளுக்கெனச் சி ஆயிற்று. வயோலா, செல்லோ ஆகியவற்றின் அடித்தந்தி சி. அடுத்தது அதன் பஞ்சமமான ஜி. விரல் பதிக்காமலே ஆதாரசுரமும் பஞ்சமமும் ஒலிக்கும். பயிலுநருக்கு இது வசதி, ஒலிக்கோ செறிவு. பெறுமொழியின் இயல்பறிந்த பெயர்ப்பு இத்தகையது எனலாம்.

எட்டு அடிகளே கொண்ட தார்கசன் முற்றுப்பெறாது, அந்தாதி போல முடிவிலிருந்தே மீண்டும் தொடங்கும். இச்சுழற்சியின் நடுவே செல்லோக்கள் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்னும் வேறொரு மெட்டை எடுக்கின்றன. அடிதோறும் சிற்றலகுகள் ஆறு. தார்கசன் அவற்றை மும்மூன்றாக இரு சீர்களாக்கும். மற்றது இவ்விரண்டாக மூன்று சீர்களாக்கும். ஒரே அசைத்தொடரை இருவர் ஒரே வேளையில் இருவேறு வகையாகச் சீர்பிரித்து ஓதுவது போன்றது இது. படைப்பின் உயிர்நிலை இவ்விடமே.

இணையவழிக் கூடும் தன்னார்வக் குழுக்களுக்கு இதை மாற்றித் தருவோர் இடர்ப்படுவதும் இங்கேதான். வலைத்தொடர்பின் தாமதத்தால் ஒருங்கிருந்து வாசித்தல் அரிது. ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் தாளத்தட்டைச் செவியிற் கேட்டுத் தனித்தனியே பதிய, பின்னர் அவை இணைக்கப்படுகின்றன. அறையில் வில்லின் எழுச்சியும் மூச்சும் பார்வையும் உணர்த்தியவை எல்லாம் தாளில் எழுதப்பட வேண்டியவை ஆகின்றன. பேச்சு எழுத்தாகும்போது குரலேற்றத்துக்கு நேர்வதை ஒத்தது இது. தட்டு அடிக்கு இரண்டாக விழுந்தால் செல்லோவின் மெட்டு அழுத்தம் பிறழ்ந்து ஒலிக்கும். மூன்றாக விழுந்தால் வயலின்களின் நடனம் குலையும்.

இதற்கஞ்சி இரண்டாம் மெட்டையே நீக்குவோர் உண்டெனில், அவர் தருவது கருவிமாற்றம் அன்று, கதைச்சுருக்கம். அடிக்கு ஒரே தட்டு என்பது இரு பிரிப்புக்கும் இடம் தரும், ஆனால் பயிலாதோர் அவ்விடைவெளியில் ஓடிவிடுவர். தேர்ந்த ஒருவர் இரு மெட்டுகளையும் வாசித்துப் பதிந்ததைத் தட்டுக்கு மாற்றாக வழங்குவதே தக்கது. செல்லோவின் தாளில் வயலினின் மெட்டைச் சிற்றெழுத்தில் காட்டுதலும் வேண்டும். உடன்வாசிப்போர் கேட்கும் நிலையில் இல்லாதபோது அவரைக் கண்ணாலாவது காண வேண்டுமன்றோ?

ஊதுகருவி வடிவத்தின் முடிவில் பிக்கலோவும் டியூபாவும், குழுவின் உச்சமும் அடியுமாக, எட்ட நின்று உரையாடும். அந்நகையைத் தந்திகளால் அவ்வாறே தர இயலாது. ஹோல்ஸ்ட் ஒற்றை வயலினை மேலேறிச் செல்லவிட்டார். அது அடங்கியதும் அனைவரும் ஒருசேர உரத்து முடிக்க வேண்டும். இணையக்குழுவின் தாள்களில் அவ்விடத்து மௌனத்தின் மேல் எண்ணிக்கை எழுதப்படாவிடில் இறுதி ஒலி சிதறும்.