இருண்ட திரையின் காரணம்

பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டரில் ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை ஏற்றுவதற்கான வழிகாட்டிகள் சிலவற்றைப் படித்தேன். 'பயாஸில் இதை அணை, துவக்க வரியில் அதைச் சேர்' என்கிறார்கள். ஏன் என்று சொல்வதில்லை. அதுதான் என் குறை.

ஏ.எம்.டி.யின் நாவி கார்டுகள் சிலவற்றில் திரை இருண்டுபோவதைப் பாருங்கள். ஓப்பன்கோர் என்ற துவக்க நிரல் இயந்திரத்துக்கு ஓர் ஆப்பிள் மாடலின் வேஷம் கட்டுகிறது. மேக் ஓஎஸ் அதை நம்பி, அந்த மாடலுக்குரிய திரை விதிகளைப் பிரயோகிக்கிறது. இயந்திரம் ஓடுகிறது, படம் மட்டும் வருவதில்லை. வாட்எவர்கிரீன் என்னும் துணை நிரலைக் கொண்டு அந்த அடையாளச் சோதனையை விலக்கினால் வெளிச்சம் வருகிறது. நாலு வரியில் சொல்லக்கூடிய விஷயம். சொல்லாவிட்டால் வெறும் மந்திரம். பலிக்காத அன்று வாசகன் நல்ல கார்டைத் தூக்கி எறிவான்.

இன்டெல் மேக்குகளுக்கு டஹோவே கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025-இல் அறிவித்துவிட்டது. அதை அண்டி வாழ்ந்த இந்த வித்தைக்கும் அந்திக் காலம்தான். காரணம் தேடிப் பழகியவனுக்கு அந்தப் பழக்கமாவது மிஞ்சும்.