எட்டிப் பார்ப்பதும் உள்ளே வருவதும்

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் கைப்பேசி வைத்திருப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டு செய்திகளைத்தான்: ரதம் எங்கிருந்து புறப்படுகிறது, எந்தெந்தச் சாலைகளை அடைப்பார்கள்? தேடுபொறி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பையும் இரண்டு வரிக் குறிப்பையும் காட்டுகிறது. சில வேளைகளில் பதிலையே எடுத்து மேலே ஒரு கட்டத்துக்குள் வைத்துவிடுகிறது. இந்த முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் நாம் உள்ளே போவதா, வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். தளம் நடத்துபவர்களும் அந்த இரண்டு வரியை மனத்தில் வைத்தே பக்கத்தைக் கட்டுகிறார்கள். முன்னோட்டம் தேர்ந்தெடுக்க உதவும் வரை அது வாசகருக்கும் தளத்துக்கும் நன்மை. வாசிப்பின் இடத்தில் அதுவே வந்து உட்கார்ந்துகொண்டால் இருவருக்கும் நட்டம். இதை எடைபோடும்போது இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

முதலில் நிறை. 2010 நவம்பரில் கூகுள் 'இன்ஸ்டன்ட் பிரிவியூஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. தேடல் முடிவின் பக்கத்தில் இருந்த பூதக்கண்ணாடிக் குறியை அழுத்தினால் அந்தப் பக்கத்தின் தோற்றம் சிறு படமாக விரியும்; நாம் தேடிய சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஆரஞ்சு நிறத்தில் எடுப்பாகத் தெரியும். இதைப் பயன்படுத்தியவர்கள் தாங்கள் திறந்த பக்கத்தில் மனநிறைவு அடையும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு கூடுதல் என்று கூகுள் அப்போது சொன்னது. அந்தப் படம் வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு பாடம் நடத்தியது. ஓட்டல்களும் சுற்றுலா நிறுவனங்களும் அக்காலத்தில் ஆசைப்பட்டுப் போட்ட ஃபிளாஷ் அசைபடங்கள் முன்னோட்டத்தில் வெறுங்கட்டமாகத் தெரிந்தன. விளம்பரம் மண்டிய பக்கத்தின் நெரிசல் உள்ளே போகும் முன்பே அம்பலமானது. எழுத்தை எழுத்தாகவே வை, தலைப்பைத் தெளிவாக வை, முதல் திரையிலேயே விஷயத்துக்கு வா என்ற ஒழுங்கு அதனால் வலுப்பெற்றது. 2013 ஏப்ரலில் கூகுள் அந்த வசதியை எடுத்துவிட்டது. ஆனால் அந்த ஒழுங்கு இன்றைக்கும் செல்லும்.

இன்னொரு நன்மை சிறு வணிகர்களுக்கு. ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் கடைக்குச் சொந்தத் தளம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. கடையின் பெயர், இருக்குமிடம், திறக்கும் நேரம், நாலு படம் ஆகியவை தேடல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பசியோடு தேடுபவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. கடைக்காரருக்கும் வேண்டியது கிளிக் அல்ல, வாடிக்கையாளர். இங்கே முன்னோட்டம் தன் வேலையை முழுதாகச் செய்கிறது. கிளிக் குறைந்தது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கங்கள் தாமே இழந்துகொள்வதும் உண்டு. தேடுபொறி தலைப்பை எழுத்து எண்ணி வெட்டுவதில்லை. திரையில் அது பிடிக்கும் அகலத்தை வைத்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, நம் சொற்களோ நீளமானவை. 'அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத் தைப்பூசத் திருவிழா ரத ஊர்வல விவரங்கள்' என்று ஒரு பக்கத்துக்குத் தலைப்பு வைத்தால், கைப்பேசியில் தேடியவர் கண்ணுக்குத் தைப்பூசம் என்ற சொல் எட்டும் முன்பே மூன்று புள்ளி வந்து நிற்கக்கூடும். இதற்கு முன்னும் பின்னும் வரும் கோயில் பக்கங்களும் 'அருள்மிகு' என்றே தொடங்கினால் எதைத் திறப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'தைப்பூச ரதம்: புறப்படும் இடம், நேரம்' என்று தொடங்கிவிட்டு, கோயிலின் முழுப் பெயரைப் பக்கத்துக்குள்ளே முறையோடு எழுதலாம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. திருவிழா அழைப்பிதழைப் படமாக மட்டும் ஏற்றிவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு. பக்கத்தில் எழுத்து இல்லையென்றால் குறிப்பு வரி எடுக்கத் தேடுபொறிக்கு எதுவும் கிடைக்காது.

இனிக் குறை. முன்னோட்டத்தின் அளவையும் வடிவத்தையும் முடிவு செய்வது தளத்துக்காரர் அல்லர். 2017 டிசம்பரில் கூகுள் குறிப்பு வரிகளை ஏறத்தாழ இரு மடங்காக நீட்டியது. அதை நம்பிப் பலர் தம் பக்கக் குறிப்புகளை உட்கார்ந்து திருத்தி எழுதினார்கள். 2018 மே மாதத்தில் அது மறுபடி சுருங்கியது. எழுதியவர்கள் உழைப்பு வீணானது. 2021 ஆகஸ்டில், நாம் வைத்த தலைப்பை விட்டுப் பக்கத்திலிருக்கும் வேறு சொற்களைத் தலைப்பாகக் காட்டும் முறையும் விரிவானது. அடுத்தவர் அளவுகோலுக்கு ஏற்பப் பக்கத்தைத் தைப்பதையே வடிவமைப்பு என்று எண்ணினால், அளவுகோல் மாறும்போதெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதுதான்.

இதைவிட ஆழமான குறை, பதிலையே எடுத்து முன்னால் வைக்கும் பழக்கம். 2014இல் பரவத் தொடங்கிய பதில் கட்டங்களிலிருந்து 2024 மே மாதம் அமெரிக்காவில் அறிமுகமான செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வரை இது வளர்ந்திருக்கிறது. ரதம் எங்கிருந்து புறப்படுகிறது என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பினாங்கில் ரதம் ஒன்றல்ல, இரண்டு. 1894இல் வந்த நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போகிறது. 2017 முதல் வலம் வரும் தங்க ரதம் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்துகொண்டு பாலதண்டாயுதபாணி மலைக்கோயிலை நோக்கிப் போகிறது. ஒரு பெயரும் ஒரு நேரமும் மட்டும் கொள்ளும் கட்டத்தில் இவற்றில் ஒன்று விடுபட இடமுண்டு. விடுபட்டால், பாதையோரம் தேங்காயோடு காத்திருக்கும் குடும்பம் வேறு ரதத்துக்காக நிற்கும். ரதம் ஏன் இரண்டானது, யார் எதை நடத்துகிறார்கள் என்ற வரலாறு அந்தக் கட்டத்துக்குள் அடங்கவே அடங்காது. வாசகர் உள்ளே வந்தால்தான் அது அவருக்குக் கிடைக்கும்.

அவர் வருகிறாரா? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களை ஆராய்ந்தது. செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் வந்த தேடல்களில் 8 விழுக்காட்டில்தான் வழக்கமான முடிவு எதையாவது மக்கள் திறந்தார்கள். சுருக்கம் வராதவற்றில் இது 15 விழுக்காடு. சுருக்கத்துக்குள்ளேயே இருந்த இணைப்பைத் திறந்தது வெறும் 1 விழுக்காடு. பக்கத்தை எழுதியவருக்குப் பெயரும் இல்லை, வருகையும் இல்லை என்றால் அடுத்த ஆண்டு அவர் ஏன் எழுதப் போகிறார்? அவர் எழுதாவிட்டால் சுருக்குவதற்கும் எதுவும் இருக்காது.

வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாமே என்பார்கள். குறிப்பு எடுக்காதே என்றோ, இத்தனை எழுத்துக்கு மேல் எடுக்காதே என்றோ தேடுபொறிக்குச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் கூகுளில் அதே கட்டளைதான் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தையும் தடுக்கிறது, சாதாரண இரண்டு வரியையும் தடுக்கிறது. அந்த இரண்டு வரி போனால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் ஆக்சல் ஸ்பிரிங்கர் நிறுவனம் 2014இல் அனுபவித்துப் பார்த்தது. தன் தளங்கள் சிலவற்றின் குறிப்பு வரிகளைக் காட்ட அது மறுத்தது. இரண்டே வாரத்தில் தேடல் வழி வருகை ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்தது. அவ்வளவு பெரிய பதிப்பகமே பின்வாங்கிய இடத்தில் ஒரு கோயில் குழுவோ, பினாங்குத் தமிழர் வரலாற்றைத் தனியாளாக எழுதி வைக்கும் ஒருவரோ என்ன செய்ய முடியும்?

ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. நடப்பவருக்கு நிழல் கிடைக்கிறது, கடைக்கு அவர் பார்வை கிடைக்கிறது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி, அந்த விதியை வகுத்தது பொது அதிகாரம். முன்னோட்டத்திலும் இடம் நம்முடையதுதான், சரக்கும் நம்முடையதுதான். விதியை மட்டும் ஒரு தனி நிறுவனம் எழுதுகிறது, நினைத்தபோது மாற்றுகிறது.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. தளம் நடத்துபவர்கள், ஒரு வரியில் சொல்லக்கூடிய நேரம், இடம், கட்டணம் போன்றவற்றைத் தயங்காமல் முன்னோட்டத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை ஒளித்து வைத்து ஆளை இழுப்பது வாசகருக்குச் செய்யும் வஞ்சனை. தம் உழைப்பை ஒரு வரிக்குள் அடங்காதவற்றில் போட வேண்டும்: பாதை வரைபடம், பழைய படங்கள், நடத்துபவர்களின் சொற்கள், காரணங்கள். இரண்டாவது வேலை சட்டம் இயற்றுபவர்களுடையது. சுருக்கத்தை மறுக்கும் உரிமையும் குறிப்பு வரியைப் பெறும் உரிமையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க வேண்டும். எழுதியவரின் பக்கத்துக்கு வாசகரை அனுப்பி வைக்கும் முன்னோட்டமே நியாயமான முன்னோட்டம்.