கை மட்டும் வரும் படம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரபு ஆவணத் திட்டத்துக்காகத் திருவண்ணாமலைக் கோயிலைப் பற்றி இருபது நிமிடப் படம் ஒன்றை இயக்கினேன். வடக்குக் கோபுரத்துப் பக்கம் பூ விற்கும் அம்மா ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். மாமியாரிடமிருந்து அந்த இடம் தனக்கு வந்தது, முழம் என்ன விலைக்குப் போனது, கடன் கணக்கை வைத்துக்கொள்ள எண்ணப் பழகியது என எல்லாம் சொன்னார். படம் முடிந்ததும் வேங்கிக்காலில் உள்ள அவர் வீட்டுக்குப் போய் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவ்ளோ நேரம் பேசுனனே கண்ணு, என் கை மட்டுந்தான வருது?"

அந்தக் கேள்வியை வைத்தே என் படத்தை விமர்சிக்கிறேன்.

வடக்குக் கோபுரத்தின் பெயர் அம்மணி அம்மன் கோபுரம். நின்றுபோயிருந்த வேலையை, வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி முடித்தவர் என்று ஊர் சொல்லும் பெண்துறவி அம்மணி அம்மாளின் பெயர் அது. கூலிக்குக் காசில்லாத நாளில் அவர் திருநீற்றை அள்ளிக் கொடுக்க, அது அவரவர் வேலைக்கேற்ற கூலியாக மாறியது என்பார்கள். என் படமும் இந்த அற்புதத்தைத்தான் சொன்னது, கணீரென்ற ஓர் ஆண்குரலில். அந்தப் பெண் எத்தனை வாசல் ஏறி இறங்கினார், கணக்கை எப்படி வைத்தார், கல் சுமந்தவர்கள் யார் என்று படம் கேட்கவில்லை. உழைப்பு அருளாகிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

பிறகுதான் யுகாந்தர் குழுவின் படத்தைப் பார்த்தேன். 1980இல் தீபா தன்ராஜ், அபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் தொடங்கிய குழு அது. கர்நாடகத்தின் நிப்பாணியில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களோடு மாதக்கணக்கில் பேசிப் பழகி, 1982இல் 'தம்பாக்கு சாகிலா ஊப் ஆலி' என்ற மராத்திப் படத்தை எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தது, அரை மணி நேரத்துக்கும் குறைவு. தாங்கள் கூடிப் பேசிய கூட்டங்களை அந்தப் பெண்களே நடித்துக் காட்டினார்கள். அதிலும் வேலை செய்யும் கைகள் வருகின்றன. ஆனால் கைக்கு உரியவர்களே கூலியைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் பேசுகிறார்கள்.

அவர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது, எனக்கு மூன்று நாள் படப்பிடிப்புதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்த இரண்டு மணி நேரப் பேச்சு முழுவதும் என் கையில் இருந்தது. படத்தொகுப்பில் உட்கார்ந்து நான்தான் அதை வெட்டினேன். கோபுரம் வரலாறு, பூக்கடை வெறும் அழகு என்று எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நானே அப்படி நம்பியிருந்தேன்.

மரபுப் படங்களைப் பார்க்கும் தோழிகள் ஒன்றைக் கவனியுங்கள்: திரையில் யாருடைய கை தெரிகிறது, அப்போது யாருடைய குரல் கேட்கிறது?

ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. மறுபடி தொகுக்கும்போது அந்த அம்மாவும் என் பக்கத்தில் உட்காருவார். எதை வைப்பது, எதை விடுவது என்று அவரும் சொல்லட்டும்.