சேறு நடத்திய தேர்வு: ஓவன் துப்பாக்கிகள் - ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியாவின் ஓவன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லப்படும் கதை சுவையானது. வோலன்காங் நகரத்து இளைஞர் ஈவ்லின் ஓவன், தாம் வீட்டிலேயே செய்த துப்பாக்கியை 1939 ஜூலையில் சிட்னியில் இராணுவ அதிகாரிகளிடம் காட்டினார். அவர்கள் வேண்டாமென்றனர். 1940-இல், சர்க்கரைச் சாக்கில் கிடந்த அதை அண்டை வீட்டுக்காரர் வின்சென்ட் வார்டெல் கண்டார். அவர் போர்ட் கெம்ப்லாவிலிருந்த லைசாட் தொழிற்சாலையின் மேலாளர். பின்னர் சுமார் 45,000 ஓவன் துப்பாக்கிகள் உற்பத்தியாயின. மேதையை மூடர்கள் புறக்கணித்தனர் என்று கதை முடிகிறது.

வாசகர்களே, இம்முடிவை நாம் அப்படியே ஏற்கலாமா?

சாக்கிலிருந்தது 0.22 அங்குலச் சிறு தோட்டாவைச் சுடும் கருவி. போர்க்களத்துக்கு அது போதாது. ஆகவே முதல் மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஓவனும் வார்டெல் சகோதரர்களும் தொழிற்சாலையினரும் சேர்ந்து அதை முற்றிலும் மாற்றியமைத்த பிறகும், பிரிட்டனின் ஸ்டென் துப்பாக்கியை எதிர்பார்த்து இராணுவம் தயங்கியதே உண்மையான தவறு.

புதிய துப்பாக்கியின் இயல்பியலைச் சற்று நோக்குவோம். 9 மி.மீ. குண்டின் நிறை சுமார் 7.5 கிராம். தோட்டாவின் பின்புறத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் துண்டுக்குப் போல்ட் என்று பெயர். அதன் நிறை 600 கிராம் என்று கொள்வோம். அதாவது குண்டைப் போல் 80 மடங்கு. உந்த அழிவின்மை விதிப்படி, குண்டு முன்னே செல்லும் வேகத்தில் 80-இல் ஒரு பங்கு வேகத்தில்தான் போல்ட் பின்வாங்கும். குண்டு சுமார் 25 செ.மீ. நீளமுள்ள குழலைக் கடப்பதற்குள் போல்ட் நகர்வது ஏறக்குறைய 3 மி.மீ. மட்டுமே. எனவே பூட்டு தேவையில்லை, கனமே பூட்டு! வெற்றுக் கூட்டை வெளியேற்றியபின், சுருள்வில் போல்ட்டை மீண்டும் முன்னே தள்ளுகிறது.

இத்தத்துவம் ஸ்டென்னுக்கும் பொதுவே. வேறுபாடு அழுக்கைக் கையாளும் முறையில் இருக்கிறது. ஸ்டென்னில் போல்ட்டின் கைப்பிடி ஓடும் பிளவு வழியே மணலும் சேறும் நேரே உள்ளே புகும். ஓவனில் கைப்பிடிக்குத் தனி அறை. இடையே ஒரு தடுப்பு. தோட்டாப் பெட்டி மேலே செங்குத்தாக நிற்பதால் புவியீர்ப்பும் துணை செய்கிறது. வெற்றுக் கூடுகள் கீழ்வழியே விழுகின்றன. அழுக்கும் அவ்வழியே வெளியேறுகிறது.

1941 செப்டம்பரில் ஓவன், ஸ்டென், தாம்சன் ஆகியவற்றைச் சேற்றிலும் மணலிலும் இட்டுச் சோதித்தனர். தொடர்ந்து சுட்டது ஓவன் மட்டுமே. எந்த அதிகாரியின் கருத்தும் அந்த முடிவை மாற்ற இயலவில்லை.

ஆயினும், ஸ்டென்னைத் தழுவிய 'ஆஸ்டென்' துப்பாக்கியும் அந்நாட்டில் சுமார் 20,000 செய்யப்பட்டது. வீரர்கள் ஓவனையே விரும்பினர்.

ஓவன் குடும்பத்திலும் சோதனையே திருத்தங்களுக்கு வழி காட்டியது. முதல் வகைகளின் குழலில் வெப்பத்தைத் தணிக்கும் விளிம்புகள் இருந்தன. அவை தேவையில்லையெனக் கண்டு பின்னர் நீக்கினர். எடையைக் குறைக்க உடற்பகுதியிலும் துளைகள் இட்டனர். அப்படியும் எடை 4 கிலோகிராமை ஒட்டியே நின்றது. மேலேயுள்ள பெட்டி பார்வையை மறைப்பதால் குறிநோக்கியை ஓரமாக வைக்க நேர்ந்தது. இவை குறைகளே.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. தோட்டாப் பெட்டி பொருத்திய இவ்வகைத் துப்பாக்கி பிடி தரையில் மோதும்படி கீழே விழுந்தால், கனமான போல்ட் நிலைமத்தால் பின்னகர்ந்து, திரும்பும்போது ஒரு தோட்டாவைச் சுட்டுவிடக்கூடும். பூட்டுக்குப் பதிலாக நின்ற அதே கனம், இங்கே தன்னைத் தாங்கியவனுக்கே பகையாகிறது. சேற்றுச் சோதனை இக்கேள்வியைக் கேட்கவேயில்லை.

ஓவன் துப்பாக்கி கொரியாவிலும் வியட்நாமிலும்கூடப் பயன்பட்டது. அதன் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது உயிர் பறிக்கும் கருவி என்பதை மறந்து வியப்பதும் முறையன்று. மாணவர்கள் இதிலிருந்து கொள்ளவேண்டியது ஒன்றுண்டு: பதவியின் சொல்லைவிடச் சோதனை பெரிது, ஆனால் எந்தச் சோதனையும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். கேட்காமல் விட்ட கேள்வியின் விலையைப் பயன்படுத்துகிறவர் கொடுக்கிறார்.