கமலாவின் மறுமொழிகள்: கடித இலக்கியத்தில் எஞ்சிய குரலும் எஞ்சாத குரலும்

எழுத்தாளரின் கடிதங்களை ஆய்வுமூலங்களாகக் கொள்வது நவீன தமிழ்த் திறனாய்வில் நிலைபெற்றுவிட்ட ஒரு முறையாகும். ஆயின், கடிதம் இருவர்க்கிடையே நிகழும் உரையாடல் என்பதும், அவ்வுரையாடலில் எவரது குரல் எஞ்சுகின்றது என்பதைத் தற்செயல் மட்டுமன்றிச் சமூக உறவுகளும் தீர்மானிக்கின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை. புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் (1906–1948) ஊழியன், தினமணி, தினசரி ஆகிய பத்திரிகைகளில் தொழில் புரிந்து சென்னையில் வாழ்ந்தவர். கமலாவின் பிறந்தகம் திருவனந்தபுரம். நிலையற்ற வருமானம் இருவரையும் பலகாலம் பிரித்து வைத்தது. அப்பிரிவின்போது கணவர் எழுதிய கடிதங்களை இளையபாரதி தொகுத்துக் ‘கண்மணி கமலாவுக்கு’ என்னும் நூலாக வெளியிட்டார். பணக் கவலை, உடல்நலம், தொழில் முயற்சிகள், மனைவிமீது கொண்ட அன்பு என்பன அவற்றின் பொருளாகும். ‘ராஜமுக்தி’ திரைப்பட வேலைக்காகப் புனே சென்ற அவர், காசநோயாளியாகத் திரும்பி, 1948 ஜூன் 30 இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

இக்கடிதங்கள் பெரும்பாலும் புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றுக்கு ஆதாரமாகவே வாசிக்கப்பட்டுள்ளன. கதைகளில் ஈவிரக்கமற்ற எள்ளலாளராகத் தோன்றுபவர் கடிதங்களில் குழைவதைக் கண்டு வியப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், கமலாவும் ஓர் எழுத்தாளர். ‘காசுமாலை’ என்னும் சிறுகதைத் தொகுதியின் ஆசிரியர். ஓர் எழுத்தாளர் மற்றோர் எழுத்தாளருக்கு எழுதியவை என்ற நோக்கில் இக்கடிதங்களை அணுகுவோர் அரியர். நூற்பெயரே இந்நிலையைச் சுட்டுகின்றது. அதில் கமலா நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்; கொடுக்கப்படுவதை ஏற்பவராக நிற்கிறாரேயன்றி எழுவாயாக அல்லர்.

கமலா எழுதிய மறுமொழிகள் இத்தொகுதியில் இல்லை. ஆயினும் அவற்றின் சுவடு கணவரின் கடிதங்களில் உண்டு. ஒரு தேறுதல் வார்த்தைக்குப் பின்னால் ஒரு முறையீடும், ஒரு விளக்கத்துக்குப் பின்னால் ஒரு வினாவும் இருந்திருத்தல் வேண்டும். இவ்வகை ஊகத்துக்கு எல்லை உண்டு. இல்லாத கடிதத்தை ஆய்வாளன் தானே எழுதிவிடலாகாது. ஆனால், ஒன்றை ஐயமின்றிக் கூறலாம். கணவரின் கடிதங்கள் நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றைப் பெற்ற கமலா பேணிக் காத்தமையே. வீட்டில் இருந்தவர் காத்தார். தொழிலுக்காக அலைந்தவரிடம் சென்ற கடிதங்களுக்கு அத்தகைய காப்பிடம் வாய்க்கவில்லை எனக் கொள்ளலாம். பேணும் உழைப்பைச் செய்தவரின் சொல்லே பேணப்படாது போயிற்று. வீட்டுழைப்பின் பயன் உழைத்தவரைச் சேராத நமது குடும்ப அமைப்பின் பொது விதி இங்கும் செயற்பட்டுள்ளது எனலாம்.

இவ்விழப்பு தவிர்க்க முடியாத ஒன்றன்று. செக்கோவும் அவர் மனைவியும் நடிகையுமான ஓல்கா நிப்பரும் பரிமாறிய கடிதங்களில் இருதரப்பினவும் பதிப்பிக்கப்பட்டுள்ளன. யால்ட்டாவிலிருந்த செக்கோவின் இல்லத்தை அவருடைய தங்கை மரியா நினைவகமாகப் பேணினார். தனியொருவரின் அன்பு ஒரு நிறுவனமாக உருப்பெற்றபோது ஆவணம் நிலைத்தது.

இச்சிக்கல் நமது பிரதேசத்துக்குப் புறம்பானதன்று. மருதமுனை, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று தொடக்கம் பொத்துவில் அறுகம்பே வரையுள்ள கரையோரத்து முஸ்லிம் மக்களிடையே வழங்கும் கவிகளில் பெண் கூற்றாக அமைந்தவை பல. மச்சானை விளித்து ஏக்கத்தையும் ஊடலையும் ஏச்சையும் சொல்லும் அவை, எழுத்தறிவு மறுக்கப்பட்ட சமூகச் சூழலில் கடிதத்தின் பணியையும் ஆற்றின எனலாம். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்கள் மட்டக்களப்புப் பிரதேசத்துக் கவிகள் ஏட்டிலேற உதவின. ஆனால், இங்கு நிலைமை தலைகீழானது. கமலாவுக்குப் பெயர் எஞ்சியது, மறுமொழி எஞ்சவில்லை. நம் பெண்களுக்கு மறுமொழி எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை. பெண் கூற்றுக் கவிகளுள் ஆண்கள் புனைந்தவை எவை எனப் பிரித்தறிவதும் அதனாலேயே அரிதாகின்றது.

எழுத்தறிவு பரவிய பின்னரும் இழப்பு நின்றுவிடவில்லை. 1970களின் பிற்பகுதி தொடக்கம் மத்திய கிழக்குக்குத் தொழில்தேடிச் சென்ற பெண்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நமது அண்மைக்காலச் சமூக வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றை இலக்கியமென எவரும் கருதாமையால் எவரும் தொகுக்கவுமில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் இக்கரையோரத்து வீடுகளை அழித்தபோது அவ்வீடுகளின் பெட்டகங்களும் அலுமாரிகளும் உடன் அழிந்தன. எஞ்சியவற்றையேனும், உரியவர்களின் இசைவுடனும் அந்தரங்கம் பேணியும், தேடித் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமையாகும். பெண் எழுத்தாளரின் கடிதங்களை ஆராயப் புகுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா, அவர் என்ன எழுதினார் என்பதன்று. அவர் எழுதியதை யார் வைத்திருந்தார் என்பதேயாகும்.