மறைஞானிகள் கதையும் கோவிலூர் மடமும்

பழைய ஞானத்தைக் கண்ணுக்குத் தெரியாத மகான்கள் இமயத்திலோ பொதிகையிலோ இருந்து காத்துவருகிறார்கள் என்னும் கதைக்குத் தமிழகத்தில் என்றும் வரவேற்பு உண்டு. 1882-இல் அடையாற்றுக்கு வந்த பிரம்மஞான சபை அதற்குப் புதிய வடிவம் கொடுத்தது. திபெத்தில் வாழும் மகாத்மாக்களிடமிருந்து கடிதங்கள் வருவதாக பிளாவட்ஸ்கி அம்மையார் சொன்னார். நேரில் வந்து விசாரித்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் அவை போலி என்று 1885-இல் அறிக்கை அளித்தார். அவருடைய ஆய்வுமுறையைப் பிற்காலத்தில் குறைகூறியவர்களும் உண்டு. கதை மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

சரிபார்க்க வழியில்லை என்பது மட்டும் இக்கதையின் குறை அன்று. ஞான நூல்களை உண்மையில் காத்தவர்களை அது மறக்கச் செய்கிறது. காரைக்குடிக்கு அருகே கோவிலூரில் முத்துராமலிங்க ஆண்டவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதாந்த மடத்தை நிறுவினார். அங்கே பாடம் தமிழில் நடந்தது. நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் 'கைவல்ய நவநீதம்' முக்கியமான பாடநூல். அதன் இரண்டாம் பகுதியின் பெயரே 'சந்தேகம் தெளிதற் படலம்'. மாணவன் அடுக்கடுக்காக ஐயம் கேட்கிறான். ஆசிரியர் சலிக்காமல் விடை சொல்கிறார். கோவிலூர் பொன்னம்பல சுவாமிகள் எழுதிய உரை அச்சில் வந்தது.

பக்குவம் பார்த்தே உபதேசிக்க வேண்டும் என்ற விதி வேதாந்தத்திலும் உண்டுதான். கூட்டல் தெரியாத பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்துவதில்லை; அதனால் இயற்கணிதம் ரகசியமாகிவிடாது. கைவல்ய நவநீதத்தை ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் கிரவுல் 1850-களிலேயே ஐரோப்பாவில் பெயர்த்து வெளியிட்டுவிட்டார். மகாத்மாக்களின் கடிதங்கள் வரத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.