தன்வரலாறும் வாசகர் மனமும்

வறுமையையும் அவமானத்தையும் சொந்தக் குற்றங்களையும் ஒளிக்காமல் எழுதிய தன்வரலாறுகள் பல மரபுகளாகக் கிளைத்திருப்பதைப் போலவே அவற்றைப் படிப்பவர்களின் மனோபாவங்களும் பலவகைப்பட்டிருந்தும், எழுதியவர்களை ஆராய்ந்த அளவுக்குப் படித்தவர்களை நாம் ஆராய்ந்ததில்லை.

1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கி, ஆசிரியர் 1942-இல் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் தரித்திரம், கல்வியின் பொருட்டு ஏற்ற விரதம்போல் அமைவதால், வாசகர் நெஞ்சில் பக்தியே மிகுகிறது. 1925 முதல் நவஜீவனில் வெளிவந்த காந்தியடிகளின் சத்திய சோதனையோ, தந்தை உயிர் நீத்த இரவில் தாம் அருகில் இல்லாததையும், டர்பனில் மனைவியை வாசல்வரை இழுத்துச் சென்றதையும் சொல்லி, படிப்பவரையும் ஆத்ம பரிசோதனைக்கு அழைக்கிறது. கண்ணதாசனின் 'வனவாச'த்தைக் கையிலெடுப்போரில் பலர், அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை விட்டுவிட்டுப் பிறருடைய இரகசியங்களைத் தேடுவது எனக்கு வருத்தமளிக்கும் வழக்கம்.

கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி தொடர்வதைக் கண்டு வெளியேறிய பாமா, 1992-இல் தம் மக்களின் பேச்சு மொழியிலேயே 'கருக்கு' நூலை வெளியிட்டபோது, அம்மொழி கொச்சையானது என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள், இரக்கத்தால் கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவருடைய சொந்த ஊராரோ, தங்கள் வாழ்வை ஊரறியச் செய்துவிட்டாரே என்று முதலில் கோபங்கொண்டு, பின்னர்தான் அந்நூலைத் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டார்கள். இந்த மூன்றில் அந்தக் கோபத்தையே உயர்ந்த வாசிப்பு என்று நான் மதிக்கிறேன். ஏனெனில் இரங்கியவரால், எவ்வளவு நல்லெண்ணம் உடையவராயினும், அது வேறு யாருடைய கதையோ என்ற நிச்சயத்தோடு புத்தகத்தை மூடிவிட முடிந்தது, கோபித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. கோவிலிலும் பள்ளியிலும் சிறுமியாயிருந்த பாமாவை ஒதுக்கியவர்களின் வரிசையில் தம் குடும்பத்தார் எவரேனும் நின்றிருப்பார்களா என்று இரங்கியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுடைய கண்ணீருக்கும் கௌரவம் வந்திருக்கும்.

கே. ஏ. குணசேகரனின் 'வடு' (2005) இவ்விதக் கேள்வியை வாசகரிடம் வெளிப்படையாகவே வைக்கிறது. இளையான்குடியில் முஸ்லிம்களிடையே தீண்டாமையின்றிப் பழகிய சிறுவன், சுற்றியிருந்த கிராமங்களில் சாதியால் இழிவுபடுத்தப்பட்டதை அடுத்தடுத்துப் படிக்கையில், என் ஊர் இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்ற சிந்தனை என்னை விடவில்லை. எங்கள் தெருவின் முதியவர்களிடம் பழைய கிணறுகளையும் பந்தி வழக்கங்களையும் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன், அவர்களில் சிலர் தயக்கமின்றியே சொன்னார்கள்.